மல்லசமுத்திரத்துக் கேட்டும் என் பரீட்சைப் புத்தகங்களும்

1

போன வாரம் ராசிபுரத்துக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருந்தார். துபாயில் ஏதோ கிடங்கில் காவலாளியாக இருக்கிறாராம். ‘அண்ணா, நீங்க பாஸ் பண்ணின அந்த செக்யூரிட்டி பரீட்சைக்கு என்னென்ன படிக்கணும்? புத்தகம் இருந்தா அனுப்புங்க. எப்படியாவது இந்த கேட்டை விட்டு எந்திரிச்சுப் போயிடணும்’ என்று எழுதியிருந்தார்.

உடனே பதில் எழுதக் கை வரவில்லை. நான் பாஸ் பண்ணியது உண்மை. கேட்டை விட்டு எழுந்தேனா என்பதில்தான் சந்தேகம். அதனால் பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன். ‘வெளிநாட்டில் இருக்கிறான், அவனுக்கென்ன குறை’ என்று ஊரில் சொல்லிக்கொண்டிருப்பவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

என் பெயர் லோகநாதன். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். அப்பா முத்துசாமி நாமக்கல் லாரிகளில் நாடு முழுக்கச் சுற்றியவர். ஸ்டியரிங்கை விட்ட பிறகு தோட்டத்து வீட்டிலேயே இருந்துவிட்டார். அம்மா காலமாகிவிட்டார். நான் சேலத்தில் பட்டம் வாங்கி, ஒரு நூல் மில்லில் கொஞ்ச காலம் குப்பை கொட்டிவிட்டுத் துபாய்க்கு வந்தேன். ஏஜென்ட் சொன்னது ஆபீஸ் வேலை. ஆபீஸ் இருந்தது, பொய் சொல்லவில்லை. அதன் வாசலில் வண்டி வந்தால் தடுப்புக் கம்பைத் தூக்கி, வண்டி போனதும் இறக்குகிற வேலை எனக்கு. பிறகு மேற்பார்வையாளர் ஆனேன். மனைவி சுமதியும் மகள் யாழினியும் வந்து சேர்ந்தார்கள். வீடு ஷார்ஜாவில், வேலை துபாயில். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சாலையில்தான் என் ஆயுளில் பாதி நின்றுகொண்டிருக்கிறது.

அப்படியே ஓடியிருக்கும். திடீரென்று கம்பெனியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் மேற்பார்வை வேலையில் இருப்பவர்கள் பௌதிகப் பாதுகாப்புக்கான சர்வதேசச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். வாங்காதவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் பழையபடி காவலாளிச் சம்பளத்துக்கு இறங்க வேண்டும். அந்தச் சம்பளத்துக்குக் குடும்ப விசா கிடைக்காது. பரீட்சையில் தேறாவிட்டால் சுமதியும் யாழினியும் விமானம் ஏற வேண்டும், நான் ஒரு அறையில் அடுக்குக் கட்டிலுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அப்பாவிடம் சொன்னபோது போனிலேயே சிரித்தார். “வாச்மேனுக்கும் பரிச்ச வெச்சுட்டாங்களாக்கும்? ஏன் சாமி, என்னன்னு கேப்பான், விசில் ஊதச் சொல்லுவானா?”

2

சரி, புத்தகங்கள். இந்தப் பரீட்சை கம்ப்யூட்டருக்குள் நடக்கும் திருட்டைப் பற்றியதல்ல. சுவர், வேலி, விளக்கு, பூட்டு, கேமரா, ஆள், இவற்றை வைத்து ஓர் இடத்தை எப்படிக் காப்பது என்பதுதான் பாடம். நடத்துகிறவர்களே சிபாரிசு செய்யும் தடித்த புத்தகங்கள் உண்டு. புதிதாக வாங்கினால் கையைக் கடிக்கும். நான் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மலையாளியிடம் வாங்கினேன். முதல் சில அத்தியாயங்களில் ஒரு வரி விடாமல் மஞ்சள் மை பூசியிருந்தார். அதற்கப்புறம் ஒரு கோடுகூட இல்லை. அந்த இடத்தில் அவருக்கு என்ன ஆயிற்று என்று யோசித்து யோசித்தே எனக்குப் பயம் வந்துவிட்டது.

வாட்ஸ்அப் குழுவில் இலவசமாகச் சுற்றும் பிரதிகளை நம்பாதீர்கள், அவை பழைய பதிப்பு. கைபேசியில் கிடைக்கும் கேள்விச் செயலிகளிலும் பாதிக்குப் பாதி விடை தப்பு. தப்பான விடையை மனப்பாடம் செய்துவிட்டு அதை மறக்கப் படுகிற பாடு தனி. ‘சேர்ந்து படிப்போம்’ என்று ஆரம்பித்த எங்கள் குழுவில் நேபாளி, கென்யாக்காரர், பாகிஸ்தானி எல்லோரும் இருந்தோம். கடைசியில் ஒருவருக்கொருவர் காலை வணக்கமும் ரோஜாப்பூவும் அனுப்பிக்கொண்டதுதான் மிச்சம். உருப்படியாக உதவியவை வீடியோ பாடங்கள். ஒரு வெள்ளைத் தலைக்காரர் பலகையில் வட்டத்துக்குள் வட்டம் வரைந்து விளக்குவார். படத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் காரில் போட்டுக் கேட்பேன். முன்னால் வண்டி, பின்னால் வண்டி, இரண்டு பக்கமும் வண்டி. நடுவில் உட்கார்ந்துகொண்டு, ‘உள்ளே இருப்பதை வளையங்களால் சூழ வேண்டும்’ என்று அவர் சொல்வதைக் கேட்பேன். சில நாள் எரிச்சலில் அணைத்துவிடுவேன்.

கேள்விகளின் குணம்தான் நம்மவர்களுக்குப் பெரிய சிக்கல். நான்கு விடை கொடுத்திருப்பார்கள். நான்குமே சரியாக இருக்கும். ‘முதலில் செய்ய வேண்டியது எது’ என்று கேட்பார்கள். நாம் நாலையும் ஒன்றாகச் செய்து பழகியவர்கள். இதற்கு ஒரே மருந்து, புத்தகத்தின் முதல் அத்தியாயம். பூட்டு வாங்குவதற்கு முன்னால், கேமரா மாட்டுவதற்கு முன்னால், எதைக் காப்பாற்றப் போகிறாய் என்று எழுதிவை என்கிறது அது. மற்றதெல்லாம் அதற்கப்புறம். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கேள்விக்கு விடை வந்துவிடும்.

படிப்பதைவிட விண்ணப்பம் போடுவது கஷ்டம். நம் ஊரில் நமக்கு ஒரு பெயர்தான். பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டம் இருப்பதால் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. இந்த நாட்டில் என் நெஞ்சில் தொங்கும் அட்டையிலும், சம்பளச் சீட்டிலும், கூப்பிடுகிற வாயிலும் நான் ‘மிஸ்டர் முத்துசாமி’. விண்ணப்பத்தில் பெயரை முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டுவிட்டேன் என்று திருப்பி அனுப்பினார்கள். திருத்தி அனுப்பினால், இத்தனை வருஷம் பொறுப்பில் இருந்ததற்குக் கம்பெனி அத்தாட்சி கேட்டார்கள்.

கம்பெனியில் பணியாளர் பிரிவு அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: “கையெழுத்துப் போட்டால் நீ சான்றிதழை வாங்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விடுவாய்.” சான்றிதழ் வாங்காவிட்டால் இறக்கிவிடுவோம் என்று சொன்னதும் இதே ஆள்தான். கடைசியில் ஒரு உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அத்தாட்சி கொடுத்தார். தேறினால் இரண்டு வருஷம் விலகக் கூடாது. முதல் வருஷம் விடுமுறை கிடையாது. நெருங்கிய உறவினர் மரணம் என்றால் மட்டும் பரிசீலிக்கப்படும். நான் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். வேறு என்ன செய்திருக்க முடியும்?

3

யாழினிக்குப் பதினான்கு வயது. ஆங்கிலம் அவளுக்குத் தாய்மொழி மாதிரி. இந்தியும் அரபியும் பிழைக்கிற அளவுக்கு வரும். தமிழ் சாப்பாட்டு மேசையோடு சரி. எனக்காக அவள் கேள்விகளைச் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதிவைத்தாள். பள்ளி விட்டு வந்ததும் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து கேட்பாள். நான் பதில் சொன்னால் விடையைத் திருத்துவதற்கு முன் உச்சரிப்பைத் திருத்துவாள்.

“அப்பா, நீங்க ஆன்சரைச் சொல்லும்போது ஏன் எக்ஸாமினர்கிட்ட சாரி கேக்கற மாதிரியே சொல்றீங்க?” என்றாள் ஒரு நாள். சுமதி சமையலறையிலிருந்து சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. சிரிப்பும் வந்தது.

அட்டையில் இருப்பது மண்டையில் ஏற மாட்டேன் என்றது. அப்போதுதான் எனக்கு ஒரு வழி தோன்றியது. புத்தகம் சொல்வதையெல்லாம் எங்கள் தோட்டத்தில் பொருத்திப் பார்த்தேன். தாளில் எங்கள் தோட்டத்தை வரைந்தேன். சுற்றிலும் கிளுவை வேலி. தெற்கே ரோட்டிலிருந்து வரும் தடம். நடுவில் ஓட்டு வீடு. வீட்டுக்குப் பக்கத்தில் கிணறும் மோட்டார் ரூமும். வாசலில் வேப்பமரம், அதனடியில் நாய். திருடனைத் தாமதப்படுத்துவது என்று வந்தால் வேலி, கண்டுபிடிப்பது என்று வந்தால் நாய். எல்லாம் பளிச்சென்று மனதில் நின்றது. ராசிபுரத்து நண்பருக்கு நான் தரும் பெரிய யோசனை இதுதான். தெரிந்த ஓர் இடத்தை வைத்துப் படியுங்கள்.

ஆனால் தெரிந்த இடத்தில் ஓட்டைகளும் தெரியும். அந்தக் கிணறு கூட்டுக் கிணறு. எங்கள் தாத்தாவும் அவர் அண்ணனும் சேர்ந்து வெட்டியது. தண்ணீர் எங்களுக்கு ஒரு நாள், பெரியப்பா மகன் ஆறுமுகண்ணனுக்கு ஒரு நாள் என்று முறை. அவருடைய நிலம் அடுத்தாற்போல் இருக்கிறது. மோட்டார் போட எங்கள் வாசல் வழியாகத்தான் வர வேண்டும். மோட்டாருக்கான மும்முனை மின்சாரம் எந்த நேரத்துக்கு வரும் என்று சொல்ல முடியாதல்லவா? விடியும் முன்னாலும் வருவார், உச்சி வெயிலிலும் வருவார். வாசலில் கால் வைத்ததும் ஒரு செருமல். உள்ளேயிருந்து அப்பா, “ஆறுமுகமா?” என்பார். “ஆமாங் சித்தப்பா.” அவ்வளவுதான். நாய் தலையைக்கூடத் தூக்காது.

என் படத்தில் அந்த இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டேன். கட்டுப்பாடற்ற நுழைவு. புத்தகத்தின் மொழியில் அதற்கு அதுதான் பெயர்.

அதே சமயத்தில் நம் பக்கத்துச் செய்திகளும் கண்ணில் பட்டன. தோட்டத்து வீடுகளில் தனியாக இருக்கும் வயதானவர்களை அடித்துப்போட்டு நகையைக் கொண்டுபோகிறார்கள் என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பா நினைப்புத்தான். இங்கே யாரோ ஒருவருடைய கட்டடத்துக்கு நான் காவல். என் அப்பாவுக்கு ஒரு கிழட்டு நாய் காவல். இதை நினைத்துக்கொண்டு எப்படி நிம்மதியாகப் படிப்பது?

4

பரீட்சைக்கு முன்னால் கிடைத்த கடைசி விடுமுறையில் ஊருக்குப் போனேன். உறவுக்காரர் வீடு எதற்கும் போகவில்லை. திருச்செங்கோட்டிலிருந்து கேமரா மாட்டுகிறவரை வரவழைத்தேன். முன்பக்கம் சுவர், இரும்பு கேட், அதில் மின்சாரப் பூட்டு. வெளியிலிருந்து திறக்க நான்கு இலக்க எண் போட வேண்டும், இல்லையென்றால் என் கைபேசியிலிருந்து திறக்கலாம். உள்ளேயிருந்து திறக்கச் சாதாரணக் கைப்பிடி. பேட்டரியும் உண்டு. அவசரத்துக்கு ஒரு சாவியும் உண்டு. அப்பா அதை வாங்கி, எல்லாச் சாவியும் தொங்கும் நிலைப்படி ஆணியில் மாட்டிவிட்டார்.

மாட்டியவர் ஒரு கேள்வி கேட்டார்: “ஏனுங்க, கரண்டு இல்லாட்டி பூட்டு தொறந்துக்கறதா, பூட்டியே கெடக்கறதா? ரெண்டு மாதிரியும் வருதுங்க.” இது பாடத்தில் நேராக வருகிற கேள்வி. மின்சாரம் போனால் ஆள் வெளியேறும் வழி திறந்திருக்க வேண்டும். வெளிச்சுற்று மட்டும் பூட்டியே இருக்க வேண்டும், உள்ளேயிருந்து கையால் திறக்க வழி இருக்கும்வரை. நான் யோசிக்காமல் சொன்னேன், பூட்டியே இருக்கட்டும் என்று. எனக்கு அன்று ரொம்பப் பெருமை.

ஆறுமுகண்ணனிடம் மட்டும் எண்ணைச் சொல்லப் போனேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்: “என்ற கெணத்துக்குப் போறதுக்கு நானு நம்பரு போடோணுமாக்கும்?”

“அப்பா பாதுகாப்புக்குத்தானுங்கண்ணா.”

“ஆருகிட்டருந்து? என்றகிட்டருந்தா?” திரும்பி நடந்தார். எண்ணையும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஷார்ஜா திரும்பிய சில நாளில் கைபேசியில் எச்சரிக்கை ஒலித்தது. வாசலில் ஆள் நடமாட்டம். கேட் திறந்ததாகக் குறிப்பே இல்லை. பெரிதாக்கிப் பார்த்தால் ஆறுமுகண்ணன், மோட்டார் ரூம் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார். அப்பாவைக் கூப்பிட்டேன்.

“பின்னால வேலீல ஒரு கடவு வெட்டி உட்ருக்கறேன்” என்றார் சர்வ சாதாரணமாக. கடவு என்றால் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு வேலியில் விடும் சந்து. “முன்னால நீ அடச்சுட்ட. அவன் முறைக்கு எப்புடி வருவான்?”

“ஏனுங்கப்பா, இத்தன செலவு பண்ணிச் செவுரு வெச்சது எதுக்குங்க? ஆறுமுகண்ணன் வர்ற சந்துல வேறெவனும் வர மாட்டானுங்களா?”

“முறைக்காரன் வர்ற தடத்த அடைக்கக் கூடாது சாமி.”

நான் விடவில்லை. ஒரு வாரம் தினமும் கூப்பிட்டு நச்சரித்தேன். எனக்குத் தூக்கமில்லை, படிக்க முடியவில்லை, பரீட்சை போய்விடும், உங்கள் பேத்தி படிப்பு பாதியில் நிற்கும் என்றெல்லாம் சொன்னேன். கடைசியில், “செரி சாமி, உன்ற இஷ்டம்” என்றார். ஆள் அனுப்பி அந்தச் சந்தில் முள்கம்பி கட்டினேன். அதோடு ஆறுமுகண்ணன் வரவில்லை. ஆழ்துளை போடும் ரிக் வண்டியைக் கூப்பிட்டுத் தன் நிலத்திலேயே போர் போட்டுக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன்.

எச்சரிக்கைகள் நின்றுவிட்டன. கேமராவில் அப்பா மட்டும் தெரிவார். கயிற்றுக் கட்டிலைக் கேட்டுக்கு உட்புறம் இழுத்துப் போட்டுக்கொண்டு, கம்பி இடுக்கு வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். பகலில் பெரும்பாலும் அதே படம்தான். வேலையிடத்தில் நான் பார்க்கும் திரைகளில் ஆள் நடமாட்டம் இல்லையென்றால் ‘எல்லாம் நலம்’ என்று பதிவேட்டில் எழுதுவோம். அப்படித்தான் நானும் எடுத்துக்கொண்டேன்.

5

பரீட்சை நாளன்று காலையில் அப்பாவிடம் பேசினேன். “நல்லா எழுது சாமி. பயப்படாத” என்றார். டீக்கடை வரை போய்ப் பேப்பர் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். வீட்டுக்கு ஆள் வருவது நின்ற பிறகு அவர் தினமும் டீக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

பரீட்சை நடக்கும் இடத்தில் கைபேசியை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். பையைத் துழாவினார்கள், சட்டைக் கையை மடிக்கச் சொன்னார்கள், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்கள். நான் தினமும் பிறருக்குச் செய்வதுதான், தப்புச் சொல்ல முடியாது. உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து, “மிஸ்டர் முத்துசாமி” என்று கூப்பிட்டார். எழுந்து போனேன்.

கேள்விகள் கஷ்டம்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் எங்கள் தோட்டம் கண் முன்னால் வந்து நின்றது. வெளிச்சம் எங்கே வேண்டும்? வேப்பமரத்துப் பக்கம். கேமரா எதைப் பார்க்க வேண்டும்? தடத்தை. மின்சாரம் தடைப்பட்டால் வெளிச்சுற்றுப் பூட்டு எந்த நிலையில் இருக்க வேண்டும் என்றும் ஒரு கேள்வி வந்தது. சிரித்துக்கொண்டே விடையை அழுத்தினேன்.

கடைசிக் கேள்வி முடிந்ததும் அங்கேயே திரையில் முடிவு வந்துவிடும். ‘வாழ்த்துகள், முத்துசாமி’ என்று ஆங்கிலத்தில் வந்தது. வெளியே வந்து பெட்டியைத் திறந்து கைபேசியை எடுத்ததும் அப்பாவைத்தான் முதலில் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கேமராவைத் திறந்தால் படம் இல்லை. இணைப்பு இல்லை என்று வந்தது. முதலில் தோன்றியது திருடன். கம்பியை அறுத்துவிட்டான், ஒயரை வெட்டிவிட்டான், இன்னும் என்னென்னவோ.

அன்றைக்கு மல்லசமுத்திரம் துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு. காலையிலிருந்து மாலை வரை மின்சாரம் கிடையாது. முந்தின நாள் பேப்பரிலேயே போட்டிருப்பார்கள். நம் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும், அன்றைக்கு முன்கூட்டியே தொட்டியில் தண்ணீர் நிரப்பி, மாவு அரைத்து வைத்துக்கொள்வார்கள். எனக்கு அப்படி ஒரு நாள் இருப்பதே நினைவில் இல்லாமல் போயிருந்தது. பூட்டின் பேட்டரி ஒன்றிரண்டு மணி நேரம்தான் தாங்கும். அப்பா டீக்கடைக்குப் போனபோது கேட் அவர் பின்னால் ஒழுங்காகப் பூட்டிக்கொண்டது. திரும்பி வந்தபோது எண் அழுத்தும் பலகையில் வெளிச்சமே இல்லை. கைபேசி உள்ளே. சாவியும் உள்ளே, ஆணியில். பின்பக்கச் சந்தில் முள்கம்பி.

எழுபத்தைந்து வயது மனிதர், தான் கட்டிய வீட்டின் கேட்டுக்கு வெளியே, வெயிலில் உட்கார்ந்திருந்தார். நிழல் தரும் வேப்பமரம் சுவருக்கு உள்ளே இருந்தது.

ஆறுமுகண்ணன் கூப்பிட்டபோது நான் கார் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். ரொம்ப நாள் கழித்து அவர் குரல்.

“லோகு, பதட்டப்படாத. சித்தப்பாவ நானு என்ற ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். மொபெட்டுல போறப்பப் பாத்தேன், கேட்டுமேல சாஞ்சு கண்ண மூடி உக்காந்துட்டு இருந்தாரு. மோரு குடுத்துப் படுக்க வெச்சுருக்கறோம். டாக்டரு வந்து பாத்துட்டுப் போனாரு. பயமில்ல.”

“அண்ணா…” என்றேன்.

“பரிச்ச எழுதப் போயிருக்கறயாமா? உன்றப்பன் கண்ண முளிச்சதும் அதத்தான் கேட்டாரு. பாஸாயிட்டயா?”

பாஸ் என்று சொல்ல எனக்கு வாய் கூசியது. ஆனாலும் சொன்னேன். அவர் பக்கம் திரும்பி, “சித்தப்பா, பாஸாயிட்டானாமா” என்று சத்தமாகச் சொன்னது கேட்டது. காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து, பக்கத்து வண்டிக்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

6

அப்பா உடம்பு தேறிவிட்டது. ஆனால் வீட்டுக்குத் திரும்பவில்லை. “அங்க ஆரு இருக்கறா? இங்கன்னா கொரலாவது கேக்குது” என்கிறார். எண் வேண்டாம், சாதாரணப் பூட்டு போட்டுவிடுகிறேன் என்றேன். பார்க்கலாம் என்றார். நேரில் போய்க் காலைப் பிடித்தாவது கூட்டிவரலாம். ஆனால் பாஸானதும் என்னை மேலாளர் ஆக்கிவிட்டார்கள், உடன்படிக்கையின் முதல் வருஷத்தில் இருக்கிறேன். விடுமுறை கேட்டேன். பணியாளர் பிரிவு அதிகாரி உடன்படிக்கையை எடுத்து அந்த வரியைக் காட்டினார். மரணம் என்று எழுதியிருந்த வரியை. அப்பா உயிரோடு இருப்பதால் எனக்கு விடுமுறை இல்லை. அதைப் படித்துவிட்டு வெளியே வந்தபோது எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்றே தெரியவில்லை. கையெழுத்து என்னுடையதுதானே.

இதற்கிடையில் ஆறுமுகண்ணனின் போர் காலை வாரிவிட்டது. தண்ணீர் நூல் மாதிரி வருகிறதாம். பழையபடி கூட்டுக் கிணறுதான் கதி. அந்த எண்ணை அவர் இன்றுவரை கேட்கவில்லை. அப்பா எண் தெரிந்தும் தொடுவதில்லை. அதனால் ஒரு வழக்கம் உண்டாகியிருக்கிறது. அங்கே மின்சாரம் வந்ததும் அப்பா என்னைக் கூப்பிடுவார்.

“லோகு, கேட்டத் தொறந்து உடு சாமி. ஆறுமுகம் மோட்டாரு போடோணும்.”

கூட்டத்தில் இருந்தாலும், சாலை நெரிசலில் இருந்தாலும், நான் கைபேசியை எடுத்துத் திறந்துவிட வேண்டும். கைபேசியில் திறந்தால் அது தானாகப் பூட்டிக்கொள்ளாது; வேலை முடிந்ததும் மறுபடி கூப்பிடுவார், நான் பூட்ட வேண்டும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வண்டிக்குக் கம்பைத் தூக்கி இறக்கிய அதே வேலை. தடித்த புத்தகங்களெல்லாம் படித்து, உலகம் ஒத்துக்கொள்ளும் சான்றிதழை வாங்கி, மல்லசமுத்திரத்தில் ஒரு கேட்டுக்கு வாட்ச்மேன் ஆகியிருக்கிறேன்.

ராசிபுரத்துக்காரருக்கு நேற்று புத்தகங்களைக் கொடுத்துவிட்டேன். யாழினி எழுதிய அட்டைகளையும் கொடுத்தேன். தோட்டத்தை வரைந்த தாள்களை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை. முதல் அத்தியாயத்தை நன்றாகப் படியுங்கள் என்றேன். பாஸ் பண்ணிவிட்டு மறுபடியும் ஒரு தரம் படியுங்கள் என்றும் சொன்னேன். தலையாட்டினார். அவர் அவசரம் அவருக்கு.

இன்று வெள்ளிக்கிழமை. மதியத்துக்கு மேல்தான் வேலை என்பதால் வீட்டில் இருந்தேன். அப்பா கூப்பிட்டார், திறந்தேன். யாழினி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். திரையில் ஆறுமுகண்ணன் வந்தார். பின்னால் அப்பா. வழக்கமாக ரோட்டிலேயே நின்றுவிடுகிறவர், இன்று கேட் வரை வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொந்த வாசலுக்குள் கால் வைக்கவில்லை. கிழட்டு நாய் ஓடிவந்து அவர் காலைச் சுற்றியது.

“தாத்தா ஏன் உள்ள போகல?” என்றாள் யாழினி.

மோட்டார் ஓடும் சத்தம் கேமராவின் ஒலிவாங்கியில் கரகரவென்று கேட்டது. ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தி, “ஏனுங்கப்பா, நீங்க எப்பங்க நம்மூட்டுக்கு வாரீங்க?” என்றேன்.

அப்பா நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார். நேருக்கு நேர் என் முகத்தைப் பார்ப்பது போலவே இருந்தது.

“நீ எப்ப வாரயோ, அப்ப வாரேன் சாமி.”

ஆறுமுகண்ணன் வெளியே வந்தார். இருவரும் தடத்தில் நடக்க ஆரம்பித்தார்கள். கொஞ்ச தூரம் போன அப்பா, ஏதோ மறந்தவரைப் போலத் திரும்பி நின்று, கையை உயர்த்திச் சத்தமாகச் சொன்னார்.

“நாங்க போயிட்டோம். நீ பூட்டிக்க.”